கடைசி ஒப்படைப்பு

"இன்னும் இருபது நிமிஷம்தாம்மா," என்றார் தலைமைப் பொறியாளர். அவள் தலையாட்டினாளே தவிர, திரையில் நடுங்கிக்கொண்டிருந்த பச்சைக் கோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கண் இரண்டும் சிவந்திருந்தன.

விண்கலத்தில் எரிபொருள் தீர்ந்துவிட்டது. ஒன்பது வருடம் சுற்றிவந்த கோளிலேயே அதை விழச்செய்துவிட்டார்கள். அங்கிருந்து சிக்னல் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகும் என்பதால், இந்த அறையில் மட்டும் அது இன்னும் உயிரோடு இருந்தது.

அந்த சிக்னலைப் பிடித்து வைத்திருப்பதுதான் அவள் வேலை. பூமி சுழல்கிறது அல்லவா? தொலைதூரத்துக் கிழக்கு நிலையம் சில மணி நேரம் கேட்டுவிட்டு, கோள் அங்கே மறையும்போது இவர்களிடம் ஒப்படைக்கும். அந்த நேரம் மாதாமாதம் நகர்ந்துகொண்டே போகும். அவளும் கேட்டு வாங்கித் தன் ஷிப்டை அதன் பின்னாலேயே நகர்த்திக்கொண்டு போனாள்.

அதில் தூக்கம் கெட்டது, வயிறு கெட்டது. இரண்டு பதவி உயர்வுகளை வேண்டாம் என்றாள். அக்கா போனில் கூப்பிடும்போதெல்லாம், "அந்த டப்பாவையே கட்டிக்கிட்டு அழு," என்று திட்டிவிட்டுத்தான் வைப்பாள்.

இன்றைக்கும் கிழக்கு நிலையத்துக்காரர் ஹெட்போனில் வழக்கம்போல, "விட்டாச்சு, பார்த்துக்குங்க," என்றார். அவள், "வாங்கிக்கிட்டேன்," என்றாள். இதற்கு மேல் பேச விதிமுறையில் இடம் கிடையாது. எப்போதாவது அங்கே மழை என்பார். இங்கே வெயில் என்பாள்.

பச்சைக் கோடு ஒருமுறை துள்ளி, படுத்துவிட்டது. அறையில் யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். அவள் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதாள்.

தலைமைப் பொறியாளர் அப்படியெல்லாம் இளகுகிற ஆள் அல்ல. ஆனாலும் நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டாய், இவ்வளவு பாசம் வைத்தவளை நான் கண்டதில்லை என்றார். கொஞ்ச நாள் ஓய்வெடுத்துக்கொள்ளச் சொன்னார்.

பிறகு குரலைத் தாழ்த்தி, அடுத்த மாதம் புதுக் கலம் ஒன்று கிளம்புவதைச் சொன்னார். "பன்னெண்டு வருஷத் திட்டம். இந்தத் தடவையும் மாட்டேன்னு சொல்லிடாதே. அதோட முழுப் பொறுப்பும் உனக்குத்தான்."

அறையே அவளைப் பார்த்தது. அப்படி ஒரு பொறுப்புக்காக அங்கே பாதிப் பேர் வருடக்கணக்காகத் தவம் கிடந்தார்கள்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அதையும் கிழக்கு நிலையத்துக்காரர்தான் நம்மகிட்ட ஒப்படைப்பாரா, சார்?"