மூலைக்கடைக்காரர்

ரவுடிக் கும்பல்களைப் பற்றிய அந்த வீடியோ கேமில் ஊர் முழுக்கச் சுற்றலாம், காரைத் திருடலாம், எதிர்க் கும்பலோடு மோதலாம். மகளோ பள்ளி விட்டு வந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மூலைக்கடைக்காரரை மட்டும் மறுபடி மறுபடி சுட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "அந்த மனுஷன் உனக்கு என்னடி பண்ணினாரு?"

"துப்பாக்கியை நீட்டினாத்தாம்மா பேசுறாரு."

"அப்புறம் எதுக்குச் சுடுற?"

"சுட்டாத்தான் திரும்ப முதல்லேருந்து பேசுவாரு."

மகள் ஹெட்போனைக் கழற்றி அம்மாவின் காதில் வைத்தாள்.

கேட்டது கணவரின் குரல். டப்பிங் பேசும் அந்த மனிதர் இவர்களை விட்டுப் போய் ஐந்து வருடமாகிறது. ஒரு போன்கூடச் செய்ததில்லை.

"சுட்டுடாதப்பா," என்று கெஞ்சினார். "வீட்ல என் பொண்ணு எனக்காகக் காத்துக்கிட்டிருக்கா."