புதன்கிழமைக்காரி

வெல்டர் இரண்டாம் தடவையாகத் தாடையை மழித்துக்கொண்டிருந்தார். தையல் மெஷினை மிதித்தபடியே மனைவி கண்ணாடியில் அவரைக் கவனித்தாள்.

"புதன்கிழமை வந்தா முகத்துல மாப்பிள்ளைக் களை வந்துடுது."

"வெளிய போறவன் சவரம் பண்ணக் கூடாதா?"

"இப்பல்லாம் பாட்டிலையும் தொடறதில்ல. எந்த மகாராணிக்காகவோ?"

அவர் செருப்பை மாட்டினார்.

அவள் அழுதும், சண்டை போட்டும், கடவுளிடம் மன்றாடியும் இத்தனை வருஷமாய் நிற்காத குடி அது. அதை எவளோ இரண்டே மாதத்தில் நிறுத்திவிட்டாள். அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

நீள முடி ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று அவர் சட்டைகளை உதறிக்கூடப் பார்த்திருந்தாள். பையிலிருந்து ஒரு பஞ்சுத் துணுக்குதான் விழுந்தது.

அன்று பின்னாலேயே போனாள். பெரிய கட்டடம், மாடியில் கடைசி அறை, பாதி திறந்த கதவு.

உள்ளே ஒரு இளம்பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இருவருக்கும் நடுவில் மேஜைமேல் சின்னதும் பெரிதுமாய்க் கண்ணாடிக் கிளாஸ்கள், ஒன்றிலும் ஈரமில்லை.

மனைவி கதவைத் தள்ளினாள். "என் புருஷனை விட்டுடு."

அந்தப் பெண் ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்தியபடியே நிமிர்ந்தாள். "உட்காருங்கம்மா. குடி உடம்பை என்ன செய்யுதுன்னு ஆராய்ச்சி பண்றோம். எந்த கிளாஸ்ல, எவ்வளவுன்னு வாராவாரம் கேட்போம், ரத்தம் எடுப்போம். அவ்வளவுதான்."

"குடிக்காதேன்னு நீதானே சொன்னே?"

"நான் சொல்லவே இல்லம்மா."

வெல்டர் தரையைப் பார்த்தார். "இந்தப் பொண்ணு திட்டாம கேக்குது. பெரிய கிளாஸைக் காட்ட வெக்கமா இருந்துச்சு, பொய் சொல்லவும் மனசு வரல. அதான் குறைச்சுக்கிட்டே வந்தேன்."

"எங்களுக்கு இதான் தலைவலி," என்றாள் அந்தப் பெண். "குடிக்கிறவர்னுதான் இவரைச் சேர்த்தோம். கேக்கறதாலயே விட்டுட்டா எதை அளக்கறது? இன்னிக்கோட சரி, இனிமே இவர் வர வேண்டாம்."

வெல்டர் உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டார். அவர் கண்கள் மேஜையிலிருந்த பெரிய கிளாஸுக்குப் போயின.

மனைவி எழுந்துபோய் அந்தப் பெண்ணின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"என் புருஷனை விட்டுடாதம்மா."