அனுபவம்

லிஃப்ட் வந்து நின்ற பிறகுதான் கதவு திறக்கிறதா என்று பார்க்கும் சோதனை மட்டும் கணினியில் சிவப்பாகவே நின்றது. அது ஓட இன்னொரு மென்பொருள் பேக்கேஜ் வேண்டும். அந்தப் பேக்கேஜோ கொத்து மேஸ்திரி மாதிரி, என் ஆள் வந்தால்தான் கரண்டியைத் தொடுவேன் என்றது. வந்த ஆளோ, ஏற்கெனவே இருப்பவனை விரட்டு என்றான். லிஃப்டுக்கு மென்பொருள் எழுதும் அமிர்தவல்லி மல்லுக்கட்டினாள்.

“இன்னுமா மாரடிக்கிற?” என்று மேனேஜர் தணிகாசலம் அந்தச் சோதனையையே அழித்தார். திரை பச்சையானது. “இதுக்குப் பேருதான்மா அனுபவம்.”

“நாயைக் கொன்னுட்டா திருடன் வரமாட்டானா சார்?”

யார் காதிலும் விழவில்லை. லட்டு சுற்றி வந்தது. புது மென்பொருளை முதலில் தங்கள் அலுவலகக் கட்டடத்து லிஃப்டிலேயே ஏற்றினார்கள்.

மாலையில் லிஃப்ட் வாசலில், “வாம்மா, சேர்ந்தே இறங்கலாம்” என்றார் தணிகாசலம்.

“அனுபவம் முன்னால போகட்டும் சார்” என்று அவள் படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள்.

பொத்தானை அழுத்தப் போன விரல் அந்தரத்தில் நின்றது.