ஒரு சாண் பின்னால்

"அண்ணே, இந்த சீட்ட யாரு பின்னால தள்னது?"

டிரைவர் பக்கக் கதவைத் திறந்து உள்ளே குனிந்திருந்த மெக்கானிக் லோகு, தலையை வெளியே எடுக்காமலே கேட்டான். தாவீதுக்கு அந்தக் கேள்வி முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் டீ தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தான்.

தாவீது ஐந்தடிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். வண்டி வாங்கிய நாளிலிருந்து சீட்டை முன்னால் இழுத்துப் போட்டு, ஸ்டீரிங்கைக் கட்டிப்பிடித்த மாதிரி உட்கார்ந்துதான் ஓட்டுவான். இப்போது சீட் ஒரு சாண் பின்னால் கிடந்தது.

ஒரே வாரத்தில் பேட்டரி படுத்துக்கொண்டது இது மூன்றாவது தடவை. நைட் ஷிப்ட் முடிந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினால், வாசலில் நிற்கும் காருக்குள் மேல் விளக்கு மங்கலாக எரிந்துகொண்டிருக்கும். வெளியே நின்றபடியே கையை நீட்டிச் சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்பதோடு சரி.

முதல் தடவை தன் மறதி என்று நினைத்தான். இரண்டாம் தடவை பழைய வண்டியின் புத்தி என்று நினைத்தான். மனைவி ஜெனிபருக்கு ஒன்பதாம் மாதம் நடக்கும்போது மூன்றாம் தடவையும் சும்மா இருக்க முடியுமா? விடிந்ததும் விடியாததுமாக லோகுவைக் கூப்பிட்டுவிட்டான்.

லோகு வேறொரு பேட்டரியைக் கொண்டுவந்து கேபிள் மாட்டி வண்டிக்கு உயிர் கொடுத்தான். விளக்கு சுவிட்சைப் போட்டுப் பார்த்தான். கதவு இடுக்கில் இருக்கும் பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்தான். எல்லாம் ஒழுங்காகத்தான் வேலை செய்தன.

"வயரிங்ல ஒண்ணும் இல்லணா. கதவு பாதிதான் சாத்திக்கீது, அதான் லைட்டு விடிய விடிய எரியுது. பழைய பேட்டரி, அது இன்னா பண்ணும் பாவம்? யாரோ ராவுல வந்து உக்காந்துக்கினு, சத்தம் வராம கதவ சாத்திட்டுப் போறான். சீட்ட பாத்தா ஆறடி ஆளு."

"நான் பூட்டிட்டுத்தானே போறேன்? லாக்கு உடையல, கண்ணாடி உடையல..."

"சாவி போட்டுத் தொறக்கறான்ணா."

இருக்கிற ஒரே சாவி வீட்டுக்குள் இயேசு படத்துக்குக் கீழே ஆணியில்தான் எப்போதும் தொங்கும். வண்டியை விற்றவன், இன்னொரு சாவி எங்கேயோ தொலைந்துபோச்சு என்று சிரித்துக்கொண்டே சொன்னது தாவீதுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. அவனும் நல்ல நெட்டை.

வண்டிக்கு நேரெதிரே படுக்கையறை ஜன்னல். ஆலைக்குள் நுழையும்போதே போனை கேட்டில் கொடுத்துவிட வேண்டும். பெட்டியில் வைத்துப் பூட்டி, காலையில்தான் திருப்பித் தருவார்கள். அந்த நெட்டையன் கதவைத் தட்டியிருந்தால் ஜெனிபர் யாரைக் கூப்பிட்டிருப்பாள்?

"இன்னாச்சு? ரெண்டு பேரும் பேயறஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

ஜெனிபர்தான். கிரில் கேட்டைப் பாதி திறந்தால் இப்போதெல்லாம் அவளால் நுழைய முடிவதில்லை. முழுவதுமாகத் தள்ளித் திறந்துகொண்டு வந்தாள்.

தாவீது சீட்டையும் சாவியையும் ஆறடி ஆளையும் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தான். கேட்கக் கேட்க அவள் முகம் வெளிறியது.

"நீ இன்னிக்கே ஆர்.கே.பேட்டைக்குப் போயிடு. உங்கம்மா ஊட்ல இரு."

"என்னப் பாக்குற டாக்டரம்மா இங்கதானே கீறாங்க?"

"உசுரோட இருந்தாத்தானே டாக்டரம்மா!" போனை எடுத்தான். "நான் போலீசுக்கு அடிக்கறேன்."

"போலீஸ் வேணாம்பா." அவள் குரல் கீழே இறங்கியது. "அது யாருன்னு எனக்குத் தெரியும்."

லோகுவுக்குத் திடீரென்று பானட்டுக்குள் நிறைய வேலை வந்துவிட்டது. தாவீது போனைக் காதிலிருந்து எடுத்தான். இதுவரை பயந்ததெல்லாம் ஒரு பயமே இல்லை என்று தோன்றியது. அவன் வீட்டில் இல்லாத ராத்திரிகளில், அவன் வாசலில், அவளுக்குத் தெரிந்த ஒருவன்.

"யாரு ஜெனி அவன்?" என்று கேட்டான்.

அவள் அவனைத் தாண்டிப் போய், கதவைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அவள் வயிற்றுக்கும் ஸ்டீரிங்குக்கும் நடுவில் சரியாக நாலு விரல் இடம் இருந்தது.

இடது காலை எட்டி நீட்டிக் கிளட்சை மிதித்தாள். கை தானாகக் கியருக்குப் போனது. ஒன்று, இரண்டு, மறுபடி ஒன்று. உதடு ஓசையில்லாமல் எண்ணியது.

பிறகு வழக்கம்போல மாடியில் வீட்டு ஓனரம்மாவின் ஜன்னலை ஒரு தரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, கதவைச் சத்தம் வராமல் இழுத்துச் சாத்தினாள். அவள் தலைக்கு மேலே விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.

தாவீது குனிந்து கண்ணாடி வழியாக அவளையே பார்த்தான். அவள் கண்ணாடியை இறக்கினாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

"ராவுல வலி எடுத்தா, கேட்ல பூட்டி வெச்சிக்கிற உன் போனா வந்து என்ன ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவும்?"