மச்சான் கேட்ட வண்டி

"மச்சான், வண்டியைக் குடு. நாந்தியில ரக்பி மேட்ச். ராத்திரியே கொண்டாந்து விட்டுடறேன்!" என்றபடி வாசலில் வந்து நின்றான் வைசாகே.

போன தடவையும் இதையேதான் சொன்னான். வண்டி வீடு வந்து சேர இரண்டு வாரம் ஆனது. ஆனாலும் சொந்தக்காரன் வாய்விட்டுக் கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்லும் பழக்கம் எங்கள் ஃபிஜியில் கிடையாது.

"உனக்கில்லாததா? இரு, நானே கிளப்பித் தர்றேன்" என்று பழைய பிக்கப்பில் ஏறி உட்கார்ந்தான் அபிசாய்.

பாவி மனுஷன்! விடிந்தால் மகள் லிதியாவைத் தலைநகர் சுவாவில் நர்சிங் காலேஜில் சேர்க்க வேண்டும். நாளைதான் கடைசி நாள். அவர்களிடம் இருந்ததோ இந்த ஒரே வண்டி. மனைவி மெரெயானி கணவனை முறைத்தாள்.

அபிசாய் சாவியைத் திருப்பினான். சின்ன முனகல்கூட இல்லை.

"லைட்டைப் போடு" என்றான் வைசாகே. லைட் பளிச்சென்று எரிந்தது. ஹாரனும் ஊரைக் கூட்டியது.

"பேட்டரி நல்லாத்தான் இருக்கு." வைசாகே பேட்டரி முனைகளைச் சுரண்டித் துடைத்தான். ஸ்டார்ட்டரை ஸ்பானரால் தட்டினான். ம்ஹூம்.

"ஃபியூஸ் போயிருக்கும்" என்று ஸ்டியரிங்குக்குக் கீழே கையை நீட்டினான்.

"ஐயோ அண்ணா, அந்தப் பெட்டிக்குள்ள எறும்புக் கூடு! நேத்து என் கை வீங்கிப் போச்சு!" என்று அலறினாள் மெரெயானி.

வைசாகே கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். "அப்போ தள்ளிப் பார்த்துடலாம்!"

மூச்சிரைக்கத் தெருக்கோடி வரை தள்ளினான். மெரெயானியும் பின்னாலேயே வந்தாள். ஊஹூம். அபிசாய் மட்டும் சீட்டைவிட்டு இறங்கவேயில்லை.

"நல்லா மகாராஜா மாதிரி உக்காந்திரு! இந்த டப்பாவைக் கடல்ல தள்ளு மச்சான்" என்று திட்டிவிட்டு, அந்த வழியாக வந்த லாரியில் தொற்றிக்கொண்டான் வைசாகே.

லாரி மறைந்ததும் அபிசாய் விழுந்து விழுந்து சிரித்தான். "மெரே, சீட்டுக்கு அடியில யாருக்கும் தெரியாம ஒரு சுவிட்ச் வெச்சிருக்கேன். அதை அணைச்சா ஆண்டவனே வந்தாலும் வண்டி கிளம்பாது. மச்சான் கேட்டதுமே ஏறி அணைச்சுட்டேன்! இப்ப பாரு."

சுவிட்சைப் போட்டான். சாவியைத் திருப்பினான். சத்தமே இல்லை. மறுபடி திருப்பினான். முகம் வெளுத்துவிட்டது. "ஐயையோ, நிஜமாவே கெட்டுப் போச்சு! நாளைக்குப் பொண்ணை எப்படிக் கூட்டிட்டுப் போவேன்?"

மெரெயானி சிரித்தபடி, கொண்டையில் செம்பருத்திக்குப் பின்னால் செருகியிருந்த ஃபியூஸை எடுத்து நீட்டினாள்.

"இந்தாங்க. இன்னிக்கு மேட்ச்னு காலையில ரேடியோவுல சொன்னதுமே கழட்டிட்டேன்."