முதல் வரிசை சூப்பர்வைசர்

“அந்தப் பொண்ணை முதல் வரிசையில இருந்து எழுப்பிடுங்க மேடம். அவ அங்க இருந்தா நான் படிக்க மாட்டேன்.”

நூலகர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். சொன்னவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. குழந்தைகளுக்கு வேடிக்கைக் கதைப் புத்தகங்களாக எழுதிக் குவிக்கிறவர்; அச்சுக்குப் போகுமுன் அவற்றைச் சனிக்கிழமைதோறும் இந்த நூலகத்தில் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுகிறவர். வாண்டுகள் அவருக்கு வைத்த பெயர் கிச்சுகிச்சு மாமா.

“அவ என்ன சார் பண்ணினா? சத்தம்கூடப் போடறதில்லையே.”

“அதுதான் பிரச்சினை. எல்லாக் குழந்தையும் விழுந்து விழுந்து சிரிக்குது. இவ மட்டும் பரீட்சை ஹால் சூப்பர்வைசர் மாதிரி என் மூஞ்சியையே வெறிச்சுப் பாக்கறா.”

“சின்னப் பொண்ணு சார்.”

“உங்களுக்கென்ன, சொல்லிடுவீங்க. பிள்ளைங்க சிரிக்காத இடத்தையெல்லாம் அடிச்சிட்டுத்தான் நான் அச்சுக்கு அனுப்புவேன். இவளைப் பாத்துப் பாத்தே பாதிக் கதையை அடிச்சாச்சு. இன்னிக்கும் இப்படியே போச்சுன்னா புத்தகமே வேண்டாம்னு தூக்கிப் போட்டுடுவேன்.”

ஊரையே சிரிக்க வைக்கிற மனுஷருக்கு ஒரு சின்னப் பெண்ணின் முகம் தூக்கத்தைக் கெடுத்திருந்தது.

சனிக்கிழமை வாசிப்புக்குக் கதவு திறக்கும் முன்பே வந்து, முதல் வரிசையில் நட்ட நடுவில் இடம் பிடித்திருந்தாள் அவள். நூலகர் தயங்கித் தயங்கிப் போய் விஷயத்தைச் சொன்னார். அவள் எழுந்து நேராக மாமாவிடமே வந்துவிட்டாள்.

“மாமா, நான் முன்னாடியே உக்காந்துக்கறேனே. பேசவே மாட்டேன்.”

“சிரிக்கிறவங்களுக்குத்தான் முன் வரிசை. நீ சிரிப்பியா?”

கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்ல வரவில்லை போலிருக்கிறது.

“மாட்டேன் மாமா.”

“அப்ப பின்னாடி போ.”

போனாள்.

அன்றைய கதை, லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒட்டகத்தைப் பற்றியது. அது உள்ளே திரும்பும்போதெல்லாம் அதன் திமில் ஏதாவது ஒரு பட்டனை அமுக்கிவிடும். லிஃப்ட் மேலேயும் கீழேயுமாக அல்லாடும். மாமா சும்மா படித்துவிட்டுப் போகிற ஆளும் இல்லை. அசைபோட்டார், கழுத்தை நீட்டினார், ஒற்றைப் புருவத்தை ஏற்றினார். பிள்ளைகள் போட்ட சிரிப்பில் கூடம் அதிர்ந்தது.

பின்னால் அவள் மட்டும் நுனிக்காலில் நின்று எட்டி எட்டிப் பார்த்தாள். முன்னால் ஒரு நெட்டைப் பையன் சிரிப்புத் தாங்காமல் குதித்துக் குதித்து மறைத்தான்.

கதை முடிந்ததும் ஓடி வந்தாள்.

“மாமா, மூணாவது மாடியில கதவு திறந்தப்போ ஒட்டகம் என்ன பண்ணுச்சு?”

“ஏன், காதுல விழலையா?”

“விழுந்துச்சு. ‘திருதிருன்னு முழிச்சது’ன்னு படிச்சீங்க. எப்படி முழிச்சதுன்னுதான் பாக்க முடியல.”

“நீதான் சிரிக்கவே மாட்டியே. அது எப்படி முழிச்சா உனக்கென்ன?”

அவள் வெளியே போனாள். மாமா காகிதங்களை அடுக்கிப் பைக்குள் வைத்தார். இன்று ஒரு வரிகூட அடிபடவில்லை. முன் வரிசையைச் சுத்தம் செய்தது நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டே படியிறங்கினார்.

சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. அடக்க ஒடுக்கமே இல்லாத, வயிற்றிலிருந்து கிளம்பிய சிரிப்பு. நம் கதைக்கு ஒருத்தரும் இப்படிச் சிரித்ததில்லையே என்று அவருக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. எட்டிப் பார்த்தார்.

கட்டைச் சுவரின்மேல் ஒரு சின்னப் பையன் உட்கார்ந்திருந்தான். எதிரே, நம் சூப்பர்வைசர்.

அவள் அசைபோட்டாள். கழுத்தை நீட்டினாள். இரண்டு உள்ளங்கைகளும் வந்து சேர்ந்தன; லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது. திரும்பினாள், முதுகில் இல்லாத திமில் பட்டனை அமுக்கியது. முழங்கால் மடங்க மடங்க லிஃப்ட் கீழே இறங்கியது. புருவம்கூட அவர் ஏற்றுகிற அதே ஒற்றைப் புருவம். சிரிப்பான இடம் வருவதற்கு முன்னால் மாமா காது மடலைத் தொட்டுக்கொள்வார். அப்படியொரு பழக்கம் இருப்பது அவருக்கே தெரியாது. அதுவும் அவளிடம் இருந்தது.

வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. பக்கம் பக்கமாக அவர் எழுதியதை எல்லாம் அவள் பத்து விரலில் வைத்திருந்தாள்.

மாமா பிரமித்துப்போய் நின்றார். தான் எழுதியது இத்தனை நல்ல கதையா என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

மூன்றாவது மாடி வந்தது. உள்ளங்கைகள் பிரிந்து கதவு திறந்தது. அவ்வளவுதான், கைகள் அப்படியே நின்றுவிட்டன.

‘அப்புறம்?’ என்று பையன் கையை ஆட்டிக் கேட்டான். அவள் உதட்டைப் பிதுக்கினாள். அவன் முகம் சுருங்கிப்போனது.

 மாமா பையைக் கீழே போட்டுவிட்டுப் போய்ப் பையனுக்கு எதிரே நின்றார். கன்னத்தை உப்ப வைத்து, நாக்கைத் தொங்கவிட்டு, கண்ணை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உருட்டித் திருதிருவென்று முழித்தார்.

பையன் சுவரிலிருந்து உருண்டு விழாத குறைதான்.

பக்கத்தில் இன்னொரு சிரிப்பும் கேட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள் அவள்.

சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

“தம்பியா?”

“ஆமா மாமா. காது கேக்காது. உள்ள வந்தா ‘என்ன, என்ன’ன்னு என் கையைப் பிடிச்சு இழுத்துட்டே இருப்பான். நான் உங்களைப் பாக்கறதா, இவனைப் பாக்கறதா? அதான் இங்க உக்கார வெச்சுட்டு வருவேன்.”

“அது சரி. இவ்வளவு சிரிப்பை வெச்சுக்கிட்டா உள்ள உம்முன்னு உக்காந்திருந்தே?”

அவள் கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“சிரிச்சா கண்ணு மூடிக்கும் மாமா. அந்த நேரம் பாத்து நீங்க பண்றதை நான் விட்டுட்டா, தம்பி எதைப் பாத்துச் சிரிப்பான்?”