இராஜாங்கம் சாரின் ஓரவஞ்சனை

உறையின் பாதி பெட்டிக்குள் போய்விட்டது. மீதிப் பாதியை விரலில் பிடித்துக்கொண்டு நின்றான் சாம்பசிவம்.

கல்லூரி முதல்வர் அறைக்கு வெளியே மாட்டியிருந்த தகரப் புகார்ப் பெட்டி அது. உறைக்குள் இருந்தது மொட்டை மனு. கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும் என்று இடது கையால் எழுதியிருந்தான். இரண்டு பக்கம் முடிப்பதற்குள் மணிக்கட்டு விட்டுப்போயிற்று. வயிற்றெரிச்சல் விடவில்லை.

பொருளாதாரம் நடத்தும் இராஜாங்கம் சார் இன்னும் நிரந்தரம் ஆகாதவர். வருகிற ஆனியில் மறுபடி எடுப்பார்களா என்பதே சந்தேகம். ஒரு மனு போதும், சீட்டுக் கிழிந்துவிடும். தெரிந்துதான் எழுதினான்.

என்ன குற்றம்? ஓரவஞ்சனை. வகுப்பில் நாற்பத்தொரு பேர். சார் கண்ணில் படுவதோ ஒரே ஒருவன், சிறு வயதில் அம்மை வந்து பார்வை போன அஹமது கபீர்.

சாயங்காலமானால் மரத்தடியில் உட்கார்ந்து அவனுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டுகிறார். பரீட்சையில் அவன் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் வேண்டும், கூடுதலாக அரைமணி நேரம் வேண்டும் என்று பல்கலைக்கழகத்துக்கு மூன்று முறை எழுதி, வாங்கியும் விட்டார்.

அதோடு விட்டாரா? தீபாவளி கழிந்ததிலிருந்து வகுப்பையே புரட்டிப் போட்டார். பலகையில் எழுதும்போது வாயைத் திறப்பதில்லை. எழுதி முடித்து, சாக்பீஸைக் கீழே வைத்து, பிள்ளைகள் பக்கம் திரும்பி நின்ற பிறகுதான் ஒவ்வொரு சொல்லாக நிதானமாகச் சொல்லுவார். நாற்காலியில் உட்கார்ந்து பெயர் கூப்பிடுவதும் நின்றுபோயிற்று. பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு பெஞ்சு பெஞ்சாக வந்து, ஆளைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போவார். பரீட்சைக்கு ஆறு வாரம் இருக்கிறது, பாதிப் பாடம் பாக்கி.

எல்லாம் ஒருத்தனுக்காக. ஒன்று, இரண்டு என்று எண் போட்டு மனுவில் எழுதியிருந்தான்.

எழுதாதது ஒன்று உண்டு. சார் ஒரு தடவைகூடத் தன்னைத் தனியாகக் கூப்பிட்டு, உனக்குப் புரிகிறதா என்று கேட்டதில்லை.

ஏன் கேட்கப் போகிறார்? சாரின் அப்பா திருவிடைமருதூர்ப் பக்கம் கூலிக்குக் கதிர் அறுத்தவர். சாம்பசிவத்தின் அப்பா குடவாசல் பக்கத்து மிராசுதார். உச்சவரம்புச் சட்டத்தில் பாதி நிலம் போனதும், மிச்சப் பாதியில் கூலித் தகராறு முற்றி, போன தை அறுப்பு அப்படியே நின்று நெல் உதிர்ந்ததும் சாருக்கு எங்கே உறைக்கும்? இனி இந்தப் பட்டம்தான் வீட்டுக்குச் சோறு போட வேண்டும். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

வகுப்பிலும் அவனுக்கு நல்ல பெயர் இல்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத மிராசுதார் வீட்டுத் திமிர் என்பார்கள். அந்தப் பெயரை அவனும் மறுத்ததில்லை.

விரலை எடுக்க வேண்டியதுதான் பாக்கி. தோளில் ஒரு கை விழுந்தது.

கபீர். பின்னாலிருந்து மூன்று தடவை கூப்பிட்டானாம். பெட்டி மூடி கிறீச்சென்றதாம், யாரோ நிற்கிறார்கள் என்று தெரிந்துகொண்டானாம். அது சத்தம் போடும் என்பதைச் சாம்பசிவம் யோசிக்கவே இல்லை.

குரலைக் கேட்டு, நிற்பது சாம்பசிவம்தான் என்று தெரிந்ததும் கபீருக்கு நிம்மதி. தனக்காக ஒரு மனு எழுதித் தர வேண்டும் என்றான். யார்மேல் என்று கேட்டதற்கு, இராஜாங்கம் சார்மேல் என்றான்.

சாம்பசிவம் அவன் முகத்தையே பார்த்தான். கபீர் பொறாமையில் வெந்துகொண்டிருந்தான். அந்தச் சூட்டை அடையாளம் கண்டுகொள்ளச் சாம்பசிவத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முன்பெல்லாம் சார் எழுத எழுதச் சொல்லிக்கொண்டே போவார், அதை வைத்துத்தான் பலகை எனக்குத் தெரியும், இப்போது சாக்பீஸ் தேய்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மடையன் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன் என்றான் கபீர். மனசு பொறுக்காமல் சாரிடமே போய்க் கேட்டிருக்கிறான்.

"உனக்குத்தான் சாயங்காலம் இன்னொரு வாட்டி வாசிச்சுடறேனே கபீர், என் வாயைப் பாத்தே பாடம் கேக்குற புள்ள ஒண்ணு நம்ம க்ளாஸ்ல இருக்கு, அதுவா வாய்விட்டுச் சொல்ற வரைக்கும் நான் காட்டிக்குடுக்க மாட்டேன்னுட்டாருடா."

சாம்பசிவத்தின் கண் கபீரின் உதட்டைவிட்டு நகரவில்லை. ஏழு வயதிலிருந்து, பேசுகிறவர் யாராக இருந்தாலும், உதட்டைவிட்டு அது நகர்ந்ததில்லை. அந்த வயதில் வந்த காய்ச்சல் இரண்டு காதையும் வாங்கிக்கொண்டு போயிருந்தது. வெளியே தெரிந்தால் வேலையும் கிடைக்காது, பெண்ணும் கிடைக்காது என்று அப்பா மூடி வைத்தார். அவனும் மூடி வைத்தான்.

முன்பெல்லாம் பெயர் கூப்பிடும்போது, தனக்கு முன் எண்ணான குஞ்சிதபாதம் எழுந்து உட்கார்ந்ததும் எழுந்து "உள்ளேன் ஐயா" என்பான். குஞ்சிதபாதம் வராத நாளெல்லாம் இவனுக்கும் ஆப்சென்ட். அதை ஒருவர் கவனித்திருக்கிறார்.

தீபாவளிக்குப் பிறகு பாடமெல்லாம் சுலபமாகப் புரிந்தது. தான்தான் கெட்டிக்காரன் ஆகிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தான்.

கபீர் தாழ்வாரத்துப் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டு இன்னும் ஏதோ பேசினான். கை விரிந்ததைப் பார்த்தால் கேள்வி என்று தெரிந்தது. என்ன கேள்வி என்று தெரியவில்லை. இந்த மாதிரி சமயத்தில் சாம்பசிவம் தலையை ஆட்டிச் சமாளித்துவிடுவான். கபீரிடம் தலையை ஆட்டி என்ன பிரயோஜனம்?

உறையைப் பெட்டியிலிருந்து வெளியே இழுத்தான்.

"இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லு கபீர். எனக்குக் காது கேக்காது."